குறைந்த கையிருப்பில் முழுப்பந்தயம் (போக்கர்)

குறைந்த கையிருப்பில் முழுப்பந்தயம் என்பது போக்கர் போட்டிகளின் பிற்பகுதியில், சில்லுகள் மிகவும் குறைந்துவிட்ட ஆட்டக்காரர் கையாளும் ஓர் உத்தி ஆகும். இந்நிலையில் உள்ளவர் சிறிது சிறிதாகப் பந்தயம் கட்டுவதில்லை. பிறரது பந்தயத்தை ஏற்று, பொதுச் சீட்டுகளைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதும் இல்லை. இரண்டு சீட்டுகள் கைக்கு வந்தவுடனேயே தம்மிடம் உள்ள அனைத்தையும் பந்தயமாக வைக்கிறார். அல்லது சீட்டுகளைக் கைவிடுகிறார். அனைத்தையும் வைப்பது ஆட்டக்காரர் வழக்கில் ஆல்-இன் எனப்படும். இருவழி முடிவாகிய இவ்வுத்தி புஷ்-ஃபோல்டு என்றும் அழைக்கப்படுகிறது.

ரம்மி, 304, 28 போன்ற சீட்டாட்டங்களில் பழகியவருக்கு இது கண்மூடித்தனமாகத் தோன்றலாம். ரம்மியில் சீட்டு மோசமானால் தொடக்கத்திலேயே ஒதுங்குவது இழப்பைக் குறைக்கும் வழியாகும். போக்கர் போட்டியின் கடைசிக் கட்டத்திலோ, ஒதுங்கி ஒதுங்கியே ஒருவர் வெளியேறிவிட முடியும். எனவே நடுத்தரச் சீட்டுகளுடன் அனைத்தையும் வைப்பது பல வேளைகளில் கணக்கிட்டு எடுக்கும் முடிவேயன்றித் துணிச்சல் அன்று. அதே கணக்கு போட்டிக்கு வெளியே, சொந்தப் பணத்துக்குப் பொருந்துவதில்லை என்பதும் இவ்வுத்தியோடு சேர்த்து அறியவேண்டியதாகும்.

ஆட்டத்தின் அமைப்பு

இவ்வுத்தி பெரிதும் பேசப்படுவது டெக்சஸ் ஹோல்டெம் வகைப் போக்கரில் ஆகும். ஒவ்வொருவருக்கும் இரண்டு மறைசீட்டுகள் தரப்படும். பின்னர் மேசைமேல் ஐந்து பொதுச் சீட்டுகள் மூன்று கட்டங்களாகத் திறக்கப்படும். ஏழில் சிறந்த ஐந்தைக் கொண்டவர், அல்லது பிறர் அனைவரும் விலகியபின் எஞ்சியிருப்பவர், நடுவிலுள்ள தொகையைப் பெறுவார். சீட்டைக் காட்டாமலேயே வெல்ல முடியும் என்பதே இவ்வுத்தியின் உயிர்நாடி.

போட்டியில் ஒவ்வொருவரும் நுழைவுக் கட்டணம் செலுத்திச் சம அளவு சில்லுகளைப் பெறுகின்றனர். சில்லுகளைப் பணமாக மாற்றிக்கொண்டு எழுந்து செல்ல இயலாது. ஒவ்வொரு சுற்றிலும் டீலருக்கு அடுத்துள்ள இருவர் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே கட்டாயப் பந்தயம் வைக்கவேண்டும். இவை சிறு பிளைண்டு, பெரிய பிளைண்டு எனப்படும். பல போட்டிகளில் இவற்றோடு ஆன்டி என்னும் சிறு தொகையும் உண்டு. இக்கட்டாயத் தொகைகள் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை உயர்ந்துகொண்டே செல்லும். போட்டி முடிவுக்கு வருவதே இந்த உயர்வினால்தான்.

கையிருப்பை அளத்தல்

ஒருவரிடம் 12,000 சில்லுகள் இருப்பது அதிகமா குறைவா என்பதை அந்த எண்ணை மட்டும் கொண்டு கூற இயலாது. பெரிய பிளைண்டு 100 ஆக இருந்தால் அது பெருஞ்செல்வம். 2,000 ஆக இருந்தால் ஆறு முறைக்கே போதும். இதனால் கையிருப்பைப் பெரிய பிளைண்டின் மடங்காகக் கூறுவது வழக்கம். பொதுவாக 10 முதல் 15 மடங்குக்குக் கீழே சென்றவர் முழுப்பந்தய நிலைக்கு வந்துவிட்டதாகக் கொள்ளப்படுகிறது.

மற்றோர் அளவு 'எம்' எனப்படும். கையிருப்பை, ஒரு முழுச் சுற்றுக்கு ஆகும் கட்டாயச் செலவால் வகுத்தால் இது கிடைக்கும். பேக்கேமன் ஆட்டத்தில் புகழ்பெற்றவரும் கணிதவியலாளருமான பால் மாக்ரியலின் பெயரிலிருந்து இவ்வெழுத்து வந்தது. 1995 ஆம் ஆண்டு உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் வென்ற டான் ஹாரிங்டன், பில் ராபர்ட்டியுடன் இணைந்து எழுதிய நூலின் இரண்டாம் தொகுதியில் (2005) இதை விரிவாக விளக்கினார். எம் 20க்கு மேல் இருந்தால் பச்சை, 10 முதல் 20 வரை மஞ்சள், 6 முதல் 10 வரை ஆரஞ்சு, 1 முதல் 5 வரை சிவப்பு, ஒன்றுக்கும் கீழே போனால் இறந்த பகுதி என அவர் வகுத்தார். சிவப்புப் பகுதியில் முழுப்பந்தயமும் கைவிடுதலும் தவிர வேறு வழி ஏறக்குறைய இல்லை.

எடுத்துக்காட்டாக, ஒன்பது பேர் அமர்ந்த மேசையில் பிளைண்டுகள் 500, 1,000 எனவும், ஆன்டி ஆளுக்கு 100 எனவும் கொள்வோம். ஒரு சுற்றின் செலவு 500 + 1,000 + 900 = 2,400. கையில் 12,000 உள்ளவரின் எம் 5 ஆகும். எதுவும் ஆடாமல் ஒரு சுற்று கழிந்தால் 9,600 எஞ்சும். அதற்குள் பிளைண்டுகள் 600, 1,200 எனவும், ஆன்டி 150 எனவும் உயர்ந்துவிட்டால் சுற்றுச் செலவு 3,150 ஆகி, எம் 3 என்ற அளவுக்கு இறங்கிவிடும். ஒரு சீட்டில்கூடத் தோற்காமலேயே அவர் இவ்வளவு இழந்திருப்பார்.

தோல் பதனிடும் தொழில் நடைபெறும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் கூலிக்குத் தோல் பதனிட்டுத் தரும் சிறு பட்டறை ஒன்றை இதற்கு ஒப்பிடலாம். வேலை வந்தாலும் வராவிட்டாலும் வாடகை, மின்கட்டணம், பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கான பங்கு ஆகியவை நின்றுவிடுவதில்லை. மிகச் சிறந்த வேலை ஒன்று வரட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருக்கும் பட்டறையில், அந்த வேலை வரும்போது அதை எடுத்துச் செய்யக் கைமுதல் இருக்காது. இவ்வொப்புமை செலவு குறித்த அளவில் மட்டுமே பொருந்தும். அது எங்கே முறிகிறது என்பது பின்னர் கூறப்படுகிறது.

காத்திருப்பதன் விலை

நல்ல சீட்டு வரும்வரை காத்திருப்பதே பாதுகாப்பு என்பது புதியவர்களிடம் பரவலாகக் காணப்படும் எண்ணம். அதன் விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இரண்டு மறைசீட்டுகள் 1,326 வகையாக அமையக்கூடும். பத்து ஜோடியும் அதற்கு மேற்பட்ட ஜோடிகளும் சேர்ந்து 30. ஏசும் ராஜாவும் சேர்ந்து வரும் வகைகள் 16. ஆக 46. அதாவது இத்தகைய சீட்டு ஏறத்தாழ 29 ஆட்டங்களுக்கு ஒருமுறையே வரும். ஒன்பது பேர் மேசையில் அது மூன்று சுற்றுகளுக்கும் மேல் ஆகும்.

மேலே கண்ட 12,000 சில்லுக்காரர் அவ்வளவு காலம் காத்திருந்தால், பிளைண்டு உயராவிட்டாலும் சுமார் 7,700 சில்லுகள் கரைந்து 4,300 மட்டுமே எஞ்சும். பிறகு எதிர்பார்த்த சீட்டு வந்து, யாரோ ஒருவர் ஏற்று, அதில் வென்றாலும் அவரிடம் இருப்பது ஏறத்தாழ 10,000 தான். காத்திருந்து வெற்றி பெற்றும் தொடங்கிய இடத்துக்குத் திரும்பவில்லை. தோற்றால் போட்டியே முடிந்துவிடும்.

விலகல் ஆதாயம்

முழுப்பந்தயம் வைத்தவர் இரண்டு வழிகளில் வெல்லலாம். எல்லோரும் விலகினால் நடுவிலுள்ள கட்டாயத் தொகை அவருக்கே. யாராவது ஏற்றால், ஐந்து பொதுச் சீட்டுகளும் திறந்தபின் சீட்டின் வலிமையால் வெல்லலாம். முதல் வழியால் வரும் பயனே விலகல் ஆதாயம் ஆகும். பந்தயத்தை ஏற்பவருக்கு இந்த ஆதாயம் கிடையாது. அவருக்குச் சீட்டின் வலிமை மட்டுமே துணை. ஆகவே ஒரு சீட்டுடன் முழுப்பந்தயம் வைப்பது சரியாக இருக்கும். அதே சீட்டுடன் மற்றொருவரின் முழுப்பந்தயத்தை ஏற்பது தவறாக இருக்கும். இவ்விரண்டுக்கும் இடையிலான தூரத்தை டேவிட் ஸ்க்ளான்ஸ்கி 'இடைவெளிக் கோட்பாடு' என்று குறிப்பிட்டார்.

மேற்கண்ட மேசையிலேயே, டீலர் இடத்தில் உள்ள ஒருவரிடம் ஆன்டி செலுத்தியபின் 10,000 சில்லுகள் உள்ளன. அவருக்கு முன் அனைவரும் கைவிட்டுவிட்டனர். பின்னால் இரு பிளைண்டுகாரர்கள் மட்டுமே உள்ளனர். நடுவில் 2,400 உள்ளது. அவர் 10,000ஐயும் வைக்கிறார். நூற்றில் 60 முறை இருவரும் விலகுவர் என்றும், மீதி 40 முறை பெரிய பிளைண்டுகாரர் ஏற்பார் என்றும், அவ்வாறு ஏற்கப்பட்டால் நம்மவர் வெல்வது 35 விழுக்காடே என்றும் வைத்துக்கொள்வோம்.

ஏற்கப்பட்டால் நடுவில் சேரும் தொகை 10,000 + 10,000 + சிறு பிளைண்டின் 500 + ஆன்டி 900 = 21,400. அதில் 35 விழுக்காடு 7,490. அதாவது ஏற்கப்படும் ஒவ்வொரு முறையும் அவருக்குச் சராசரியாக 2,510 நட்டம். விலகப்படும் ஒவ்வொரு முறையும் 2,400 இலாபம். இரண்டையும் சேர்த்தால் 0.6 × 2,400 − 0.4 × 2,510 = 1,440 − 1,004 = 436. ஏற்கப்பட்டால் மூன்றில் இரண்டு முறை தோற்கும் சீட்டாக இருந்தும் இம்முடிவு சராசரியில் இலாபமானது. இருவரும் விலகும் வாய்ப்பு 51 விழுக்காட்டுக்கு மேல் இருந்தாலே போதும்.

கையிருப்பு 2,000 மட்டுமே என்றால் நிலை முற்றிலும் மாறும். பெரிய பிளைண்டுகாரர் மேலும் 1,000 வைத்தால் ஏற்கனவே நடுவில் உள்ள 4,400ஐ வெல்லலாம். அவருக்கு 18.5 விழுக்காடு வெற்றி வாய்ப்பு இருந்தாலே ஏற்பது இலாபம். பெரும்பாலும் எந்த இரண்டு சீட்டுக்கும் அவ்வளவு வாய்ப்பு உண்டு. எனவே அவர் விலகமாட்டார். விலகல் ஆதாயம் மறைந்துவிடுகிறது. முழுப்பந்தயம் வைக்கவேண்டிய காலம், பிறருக்கு அச்சமூட்டும் அளவுக்குச் சில்லுகள் இன்னும் கையில் இருக்கும்போதே என்பது இதிலிருந்து பெறப்படும். இவ்வுத்தியில் மிகுதியாக நேரும் தவறு துணிவது அன்று. காலங்கடந்து துணிவதே ஆகும்.

இடமும் சீட்டும்

அமர்ந்திருக்கும் இடம் சீட்டுக்கு இணையான முக்கியத்துவம் உடையது. ஒன்பது பேர் மேசையில் முதலாவதாகப் பேசுபவருக்குப் பின்னால் எட்டுப் பேர் உள்ளனர். ஒவ்வொருவருக்கும் மிகச் சிறந்த 5 விழுக்காட்டுச் சீட்டு வரும் வாய்ப்பைக் கொண்டு கணக்கிட்டால், எட்டுப் பேரில் ஒருவரிடமாவது அது இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 34 விழுக்காடு. டீலர் இடத்தில் இருப்பவருக்குப் பின்னால் இருவரே. வாய்ப்பு 10 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. எனவே முன்வரிசை இடங்களில் ஜோடிகளும் உயர்ந்த ஏஸ் சீட்டுகளும் மட்டுமே போதுமானவையாக இருக்க, டீலர் இடத்திலும் சிறு பிளைண்டிலும் மிகப் பரந்த அளவிலான சீட்டுகளுடன் முழுப்பந்தயம் வைக்கலாம்.

சீட்டுகளைத் தேர்வதில் இரு பண்புகள் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. கையில் ஓர் ஏஸ் இருந்தால் எதிரியிடம் ஏஸ் ஜோடி இருக்கும் வகைகள் 6லிருந்து 3 ஆகவும், ஏஸ்-ராஜா வகைகள் 16லிருந்து 12 ஆகவும் குறைகின்றன. இதனால் பந்தயம் ஏற்கப்படும் வாய்ப்பே குறைகிறது. ஆனால் ஏற்கப்பட்டால், ஏஸ்-நான்கு போன்ற சீட்டு எதிரியின் ஏஸ்-ராஜாவிடம் கால்பங்கு அளவே வெல்லும். மாறாக ஒரே இனத்தைச் சேர்ந்த ஏழு-ஆறு (எடுத்துக்காட்டாக இரண்டும் இஸ்பேடு) அதே ஏஸ்-ராஜாவிடம் ஏறத்தாழ 40 விழுக்காடு வெல்லும். அழகில்லாத சீட்டாகத் தோன்றும் அடுத்தடுத்த எண்கள் பட்டியல்களில் இடம்பெறுவது இதனால்தான்.

எதிரிகளின் கையிருப்பையும் நோக்கவேண்டும். நடுத்தரக் கையிருப்பு உள்ளவர் தோற்றால் பெரிதும் பாதிக்கப்படுவார் என்பதால் எளிதில் விலகுவார். மிகப் பெரிய கையிருப்பு உள்ளவர் இழப்பை உணரமாட்டார். மிகச் சிறிய கையிருப்பு உள்ளவருக்கு இழக்க ஏதுமில்லை. இவ்விருவரும் பிளைண்டில் இருக்கும்போது சற்று வலிய சீட்டு தேவை.

வரலாறும் கணிதமும்

உலகப் போக்கர் தொடர் 1970 இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் தொடங்கியது. 1982 இன் முதன்மைப் போட்டியில் எல்லாவற்றையும் இழந்ததாக எண்ணிய ஜாக் ஸ்ட்ராஸ், மேசையில் ஒரே ஒரு சில்லு எஞ்சியிருப்பதைக் கண்டு தொடர்ந்து ஆடி, இறுதியில் பட்டம் வென்றார் எனச் சொல்லப்படுகிறது. இக்கதை குறைந்த கையிருப்புக்காரர்களின் புராணமாகவே ஆகிவிட்டது. எனினும் ஒரு சில்லு உள்ளவருக்கு விலகல் ஆதாயம் கிடையாது என்பதால், உத்திக்கு இது எடுத்துக்காட்டு ஆகாது.

கணக்கிட்டு ஆடும் முறை நூல்வடிவில் பரவியது பிற்காலத்தில்தான். ஸ்க்ளான்ஸ்கி 2002 இல் வெளியிட்ட போட்டிப் போக்கர் நூலில், அனுபவமற்ற ஒருவர்கூட முழுப்பந்தயம், கைவிடுதல் என்ற இரண்டை மட்டும் கொண்டு வல்லுநர்களை எதிர்கொள்ள உதவும் எளிய விதிமுறை ஒன்றை விளக்கினார். வல்லுநரின் திறமை பொதுச் சீட்டுகள் திறந்தபின் நடக்கும் பந்தயங்களிலேயே பெரிதும் வெளிப்படும். அக்கட்டத்துக்கு ஆட்டமே செல்லாவிட்டால் அவரது மேன்மை பயன்படாது என்பது இதன் அடிப்படை. 2003 இல் இணையத் தகுதிப் போட்டி வழியாக வந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், 839 பேர் கலந்துகொண்ட முதன்மைப் போட்டியில் வென்று 25 இலட்சம் டாலர் பெற்றார். அதன்பின் இணையப் போக்கர் பெருகியது. ஆயிரக்கணக்கான ஆட்டங்களைக் கணினியில் ஆராயும் வாய்ப்பும் வந்தது.

ஸ்க்ளான்ஸ்கி, எட் மில்லர் ஆகியோரின் 2006 ஆம் ஆண்டு நூலில் ஸ்க்ளான்ஸ்கி-சுபுகாவ் எண்கள் என்னும் பட்டியல் இடம்பெற்றது. சிறு பிளைண்டில் இருப்பவர் தம் சீட்டை எதிரிக்குத் திறந்தே காட்டிவிட்டாலும், கைவிடுவதைவிட முழுப்பந்தயம் வைப்பது எவ்வளவு கையிருப்புவரை இலாபம் என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. ராஜா ஜோடியை எடுத்துக்கொண்டால், எதிரியிடம் ஏஸ் ஜோடி இருக்கும் வாய்ப்பு 1,225இல் 6 மட்டுமே. எனவே 1, 2 டாலர் பிளைண்டில் 950 டாலர் அளவுக்கு இருந்தாலும் திறந்து காட்டி முழுப்பந்தயம் வைக்கலாம். மெய்யான ஆட்டத்தில் சீட்டு மறைந்திருப்பதால் நிலை இதைவிடச் சாதகமானது.

ஆட்டக் கோட்பாட்டின்படி, இருவரும் எதிராளியின் உத்தியை முழுமையாக அறிந்திருந்தும் தம் உத்தியை மாற்றுவதால் பயன் இல்லை என்ற நிலை நாஷ் சமநிலை எனப்படும். பில் சென், ஜெரோட் ஆங்கன்மன் ஆகியோரின் 'போக்கரின் கணிதம்' என்னும் நூல் (2006) இருவர் மட்டும் ஆடும் முழுப்பந்தய ஆட்டத்துக்கு இச்சமநிலையை ஆராய்ந்தது. கையிருப்பு 10 பெரிய பிளைண்டு அளவில் இருக்கும்போது, சிறு பிளைண்டுகாரர் தமக்கு வரும் சீட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றுடன் முழுப்பந்தயம் வைக்கவேண்டும்; பெரிய பிளைண்டுகாரர் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதியான சீட்டுகளுடன் ஏற்கவேண்டும்.

இத்துறையில் குறிப்பிடத்தக்க முடிவு டென்மார்க்கின் பீட்டர் மில்டர்சன், ட்ரோல்ஸ் சோரன்சன் ஆகியோர் 2007 இல் வெளியிட்டதாகும். பிளைண்டுகள் 300, 600 எனவும், இருவரிடமும் சேர்த்து 8,000 சில்லுகள் எனவும் கொண்ட ஆட்டத்தை அவர்கள் ஆராய்ந்தனர். முழுப்பந்தயமும் கைவிடுதலும் மட்டுமே அறிந்த ஓர் உத்தி, எல்லா வகைப் பந்தயங்களையும் பயன்படுத்தும் மிகச் சிறந்த உத்தியைவிட 1.4 விழுக்காட்டுப் புள்ளிகளுக்கு மேல் பின்தங்காது என்று நிறுவினர். இவ்வளவு எளிய முறை இவ்வளவு சிறப்பாக அமைவது வியப்புக்குரியது. கையிருப்பு பெருகினால் இம்முடிவு பொருந்தாது.

சில்லும் பணமும்

இதுவரை கூறிய கணக்குகள் சில்லுகளைக் கொண்டவை. பரிசோ இடவரிசைப்படி வழங்கப்படுகிறது. எல்லாச் சில்லுகளையும் வென்றவருக்கும் முழுப் பரிசுத் தொகை கிடைப்பதில்லை. கடைசிச் சில்லை இழந்தவருக்கும் அந்த இடத்துக்குரிய பரிசு உண்டு. எனவே சில்லின் பண மதிப்பைக் கணிக்கத் தனித்த சில்லு மாதிரி (ஐசிஎம்) பயன்படுகிறது. போக்கரில் இதை 1987 இல் மேசன் மல்முத் முன்வைத்தார். இதே கணக்கை 1973 இல் டேவிட் ஹார்வில் குதிரைப் பந்தயத்தில் இரண்டாம், மூன்றாம் இடங்களைக் கணிக்கப் பயன்படுத்தியிருந்தார். ஒருவர் முதலிடம் பெறும் வாய்ப்பு அவரது சில்லுகளின் பங்குக்குச் சமம். முதலிடத்தவரை நீக்கிவிட்டு, எஞ்சியவர்களிடையே அதே விதியால் இரண்டாம் இடம் கணக்கிடப்படும்.

மூவர் எஞ்சியுள்ளனர். அவர்களிடம் 5,000, 3,000, 2,000 சில்லுகள் உள்ளன. பரிசுகளும் 5,000, 3,000, 2,000 ரூபாய் என வைத்துக்கொள்வோம். மூன்றாமவர் முதலிடம் பெறும் வாய்ப்பு 20 விழுக்காடு, இரண்டாமிடம் 28.6, மூன்றாமிடம் 51.4. இவற்றின்படி அவரது நிலையின் மதிப்பு ஏறத்தாழ 2,886 ரூபாய். நடுவில் இருப்பவருடையது 3,275. சில்லுகளில் சரிபாதி வைத்திருக்கும் முதலாமவருடையது 3,839 மட்டுமே.

இனி மூன்றாமவர் முதலாமவரோடு மோதி வென்றால் சில்லுகள் 3,000, 3,000, 4,000 ஆகும். அவரது சில்லுகள் இரட்டிப்பாயின. ஆனால் மதிப்பு 3,543 ரூபாயாகவே உயர்கிறது, ஆதாயம் 657. தோற்றால் மூன்றாம் பரிசான 2,000 ரூபாயுடன் வெளியேறுவார், இழப்பு 886. பிளைண்டுத் தொகையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், சரிபாதி வாய்ப்புள்ள மோதல் அவருக்கு நட்டமே. 57 விழுக்காட்டுக்கு மேல் வெற்றி வாய்ப்பு இருந்தாலன்றி ஏற்கக்கூடாது. மோதலில் கலந்துகொள்ளாத நடுவரோ, ஒன்றும் செய்யாமலேயே பயன் பெறுகிறார்.

பரிசு பெறும் இடங்களுக்குச் சற்று முன்னதாக உள்ள கட்டம் குமிழி எனப்படும். எடுத்துக்காட்டாக 100 பேருக்குப் பரிசு என்றால் 101 பேர் எஞ்சியிருக்கும் நேரம் அது. அப்போது வெளியேறுபவருக்கு ஒன்றும் கிடைக்காது என்பதால் எல்லோரும் ஏற்கத் தயங்குவர். முழுப்பந்தயம் வைப்பவருக்கு விலகல் ஆதாயம் உச்சத்தில் இருக்கும். இதை மிகுதியாகப் பயன்படுத்துபவர் பெருங்கையிருப்புக்காரரே. தகுதிப் போட்டிகளில் இந்நிலை எல்லைக்கே செல்கிறது. முதல் பத்துப் பேருக்கும் ஒரே பரிசு, அதாவது அடுத்த போட்டிக்கான நுழைவு மட்டுமே எனில், போதிய சில்லுகள் உள்ளவர் ஏஸ் ஜோடியைக்கூடக் கைவிடுவது சரியாக அமையலாம்.

இம்மாதிரிக்குக் குறைகளும் உண்டு. அடுத்து யார் பிளைண்டு செலுத்தவேண்டும் என்பதையோ, ஆட்டக்காரர்களிடையே உள்ள திறமை வேறுபாட்டையோ இது கணக்கில் கொள்வதில்லை.

போட்டிக்கு வெளியே

முழுப்பந்தயம் அறிவார்ந்த முடிவாவதற்கு மூன்று நிபந்தனைகள் துணைநிற்கின்றன. இழப்பின் எல்லை நுழைவுக் கட்டணத்தோடு முடிந்துவிட்டது. காத்திருந்தால் கட்டாயச் செலவு உயர்ந்துகொண்டே போகும். எதிரிகள் அஞ்சி விலகக்கூடும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் கணக்கு வேறாகிறது.

பணத்தை நேரடியாக வைத்து ஆடும் மேசைகளில் பிளைண்டு உயர்வதில்லை. விருப்பமானபோது எழுந்து செல்லலாம். இழந்ததை மீட்கவேண்டும் என்று கையில் எஞ்சியதையெல்லாம் வைப்பவரிடம் வெளித்தோற்றத்தில் அதே செயல் இருந்தாலும், அதற்கு மேற்கண்ட கணக்கு எதுவும் ஆதாரமாகாது. சில்லு தீர்ந்தவர் மீண்டும் பணம் செலுத்திச் சில்லு வாங்கலாம் என்பதால் இழப்புக்கு எல்லையும் இல்லை. தோல் பட்டறையின் ஒப்புமையும் இங்கே முறிகிறது. பட்டறைக்காரர் கடன் கேட்கலாம், வேலையைச் சுருக்கலாம், தொழிலை மாற்றலாம். தோற்றால் அவர் இழப்பது நுழைவுக் கட்டணம் அன்று, வாழ்வாதாரம். வாரக் கூலியைக் கைபேசி வழியே ஆட்டத்தில் செலுத்தும் தொழிலாளிக்கும் இது பொருந்தும். வீட்டுச் செலவுக்குரிய பணத்தைக் 'குறைந்த கையிருப்பு' எனக் கொள்வது இவ்வுத்தியைத் தவறாகப் படிப்பதாகும்.

போட்டிகளிலும் சரியான முடிவு தனியொரு முறையில் வெற்றி தரும் என்பதற்கு உறுதியில்லை. மேலே கண்ட 436 சில்லு இலாபம் பல நூறு முறைகளின் சராசரி. நன்கு ஆடுபவரும் பெரும்பாலான போட்டிகளில் பரிசின்றியே வெளியேறுவர்.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

உலகப் போக்கர் தொடரில் 2017 இல் நிபுண் ஜாவா, ஆதித்யா சுஷாந்த் இணையும், 2018 இல் ஜெர்மனியின் ஜூசெப்பே பாந்தாலியோவுடன் இணைந்து நிகிதா லூதரும் குழுப் போட்டியில் வெற்றிக் காப்பு பெற்றனர். கோழிக்கோடு இந்திய மேலாண்மைக் கழகத்தில் போக்கரை அடிப்படையாகக் கொண்டு போட்டி உத்தி கற்பிக்கும் பாடம் ஒன்றும் நடத்தப்பட்டது.

போக்கர் திறனாட்டமா வாய்ப்பாட்டமா என்பதில் இந்திய நீதிமன்றங்கள் ஒரே கருத்தைக் கொண்டிருக்கவில்லை. கர்நாடக உயர்நீதிமன்றம் 2013 இல் திறனாட்டம் என்ற அடிப்படையில் அணுகியது. குஜராத் உயர்நீதிமன்றம் 2017 இல் சூதாட்டம் என்றது. மேற்கு வங்கத்தின் 1957 ஆம் ஆண்டுச் சட்டம் போக்கரைச் சூதாட்ட வரையறையிலிருந்து விலக்கியுள்ளது.

தமிழ்நாட்டில் சூதாட்ட விடுதிகளுக்கு அனுமதி இல்லை. சென்னை நகருக்கு 1888 ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டமும், வேலூர், ஆம்பூர் உள்ளிட்ட பிற பகுதிகளுக்கு 1930 ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டமும் பொருந்தும். இணைய ஆட்டங்களில் பணம் இழந்தோரின் தற்கொலைகளை அடுத்து, 2021 இல் இச்சட்டங்கள் திருத்தப்பட்டு, பணம் வைத்து ஆடும் இணைய ரம்மியும் போக்கரும் தடை செய்யப்பட்டன. அத்திருத்தத்தை 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022 இல் அமைக்கப்பட்டு, அதன் அறிக்கைக்குப் பின் புதிய சட்டம் இயற்றப்பட்டது. ஆளுநர் திருப்பியனுப்பியதால் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்ற, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. 2023 நவம்பர் 9 அன்று உயர்நீதிமன்றம் இச்சட்டத்தைப் பொதுவில் ஏற்று, ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பாட்டங்களின் அட்டவணையில் சேர்த்ததை மட்டும் நீக்கியது. 2025 பிப்ரவரியில் வந்த ஒழுங்குமுறைகள் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடுவதைத் தடுத்தன. 2025 ஜூன் 3 அன்று உயர்நீதிமன்றம் அவற்றை உறுதிசெய்தது.

இரண்டு மாதங்களுக்குப் பின் நாடாளுமன்றம் இயற்றிய இணைய விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. திறன், வாய்ப்பு என்ற வேறுபாட்டை இச்சட்டம் பார்ப்பதில்லை. பணம் செலுத்திப் பண வெற்றியை எதிர்பார்த்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்கிறது. அவற்றை நடத்துவோருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையும், ஒரு கோடி ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. ஒப்புதல் கிடைத்தவுடன் இந்தியாவின் பெரிய இணையப் போக்கர் தளங்கள் பண ஆட்டங்களை நிறுத்திக்கொண்டன. சட்டத்தை எதிர்த்துப் பல உயர்நீதிமன்றங்களில் தொடுக்கப்பட்ட வழக்குகள் 2025 செப்டம்பரில் உச்சநீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன.